வலி போன பிறகும் ஆறாத கணுக்கால்: டிரெயில் ஓட்டம், கேள்வி பதில்

போன ஜூலையில், மழை விட்ட ஒரு காலை. பெங்களூர் துரஹள்ளிக் காட்டில் பாறையிலிருந்து மண்ணுக்கு இறங்கும் இடத்தில் என் இடது பாதம் உள்பக்கமாக மடங்கியது. 'டப்'பென்ற சத்தம் எனக்கே கேட்டது. கணுக்காலின் வெளிப்பக்க லிகமென்ட், அதாவது எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார், பாதி கிழிந்திருந்தது. பதினோரு வருடமாக டிரெயில், அதாவது காட்டிலும் மலையிலும் உள்ள கரடுமுரடான பாதைகளில், ஓடுகிறேன். ஒரு சீசன் முழுவதையும் அடிபட்ட காலோடு கடந்தது இதுதான் முதல் முறை. நான்கு பந்தயங்களுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். இரண்டுக்கு ஓடப் போகவேயில்லை, ஒன்றில் பாதியில் நின்றேன், ஒன்றை முடித்தேன். பெங்களூரில் நம்மோடு ஓடும் தமிழ் நண்பர்கள் இதைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் போக வேண்டிய இடத்தில் போகச் சொல்லியே எழுதியிருக்கிறேன்.

கேள்வி (அல்சூர்): அக்கா, நேத்து கால் மடங்கிடுச்சு. முட்டை மாதிரி வீங்கியிருக்கு. எக்ஸ்ரே எடுக்கணுமா? எண்ணெய் போட்டு சுளுக்கு எடுத்தா போதும்ங்கிறாங்க பாட்டி. மாமா புத்தூர் கட்டுக்குப் போகலாம்ங்கிறார்.

பதில்: எலும்பு முறியவில்லை என்று முதலில் தெரிய வேண்டும் தம்பி. கனடாவின் ஒட்டாவாவில் டாக்டர்கள் 1992-ல் ஒரு எளிய விதி வகுத்தார்கள். உலகம் முழுக்க அவசரப் பிரிவுகளில் அதைத்தான் பார்க்கிறார்கள். அடிபட்டபோதும் சரி, இப்போதும் சரி, நான்கு எட்டு எடுத்து வைக்க முடியவில்லையா? கணுக்காலில் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்ஓரத்தையும் நுனியையும் விரலால் அழுத்தினால் உயிர் போகிறதா? சுண்டுவிரலுக்கு நேராக, பாதத்தின் வெளிஓரம் நடுவில் துருத்தும் எலும்பையும், உள்பக்க வளைவுக்கு மேலிருக்கும் எலும்பையும் அதேபோல் அழுத்திப் பாருங்கள். இதில் ஒன்று 'ஆமாம்' என்றாலும் இன்றைக்கே எக்ஸ்ரே.

பாட்டியின் கையில் அன்பு இருக்கிறது, ஆனால் முதல் மூன்று நாள் அந்தக் கை வேண்டாம். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது அழுத்தி உருவினால் வீக்கம் கூடும். வீக்கம் வடிந்த பிறகு மெதுவாகத் தடவிவிடச் சொல்லுங்கள், இதமாக இருக்கும். கட்டு விஷயம்: எலும்பு முறிந்திருந்தால் எலும்பு டாக்டரிடம் போய்விடுங்கள். வெறும் சுளுக்கு என்றால் வாரக்கணக்கில் அசையாமல் கட்டிவைப்பது கணுக்காலை இறுக்கிவிடும்.

கேள்வி (கோரமங்களா): ஐஸ் வைக்கலாமா, கூடாதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978-ல் சேர்த்துச் சொன்னவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க டாக்டர். ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014-ல் அவரே மாற்றிச் சொன்னார். வலி தாங்கவில்லை என்றால் துணி சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள், தப்பில்லை. நான் நம்பியது கிரேப் பேண்டேஜ், இரண்டு தலையணை மேல் கால், கூடிய சீக்கிரம் அசைவு. மூன்றாம் நாளிலிருந்து கட்டைவிரலால் காற்றில் அ, ஆ, இ, ஈ எழுதினேன். 'இ' எழுதிப் பாருங்கள், அந்த ஒரு சுழியில் கணுக்கால் எல்லாப் பக்கமும் போய் வந்துவிடும். முதல் நாள் 'ஊ'வைத் தாண்ட முடியவில்லை.

கேள்வி (வைட்ஃபீல்ட்): ஏழு வாரம் ஆகிறது. வலி சுத்தமாக இல்லை. இனி டிரெயிலில் இறங்கலாமா அக்கா?

பதில்: எல்லோரும் கேட்டது இதைத்தான். எனக்கும் ஆறாம் வாரத்திலேயே வலி போய்விட்டது. மெட்ரோ படிக்கட்டில் சாதாரணமாக ஏறி இறங்கினேன். ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது வலது காலை மட்டும் ஊன்றி நின்று பார்த்தேன். தேய்த்து முடிக்கும்வரை அசையவில்லை. இடது காலுக்கு மாறினேன். ஏழு எண்ணுவதற்குள் பாதம் நடுங்கி, வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டேன். துளி வலி இல்லை. ஆனால் அந்தக் காலுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்றே தெரியவில்லை.

காரணம் இதுதான். பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு நுனிகள் லிகமென்டுக்குள்ளேயே இருக்கின்றன. லிகமென்ட் கிழியும்போது அவையும் அடிபடுகின்றன. செய்தி தாமதமாகப் போகிறது. தார்ச்சாலையில் ஒவ்வொரு அடியும் ஒரே மாதிரி என்பதால் அது தெரியாது. டிரெயிலில் ஒரு அடி வேர், அடுத்தது உருளும் கல், அதற்கடுத்தது ஈரப்பாறை. கணுக்கால் மடங்கத் தொடங்கிய பிறகு செய்தி வந்து என்ன பயன்? ஒருமுறை சுளுக்கிய கால் மறுபடி மறுபடி சுளுக்குவது இதனால்தான்.

காலையும் இரவும் ஒற்றைக் காலில் நின்று பல் தேய்த்தேன். மூன்று வாரம் கழித்துக் கண்ணை மூடிக்கொண்டு. அப்புறம் மடித்த கம்பளிமேல் நின்றபடி, மகன் எறியும் பந்தைப் பிடித்துத் திருப்பி எறிந்தேன். இது சின்ன வேலையாகத் தெரியும், செய்துபாருங்கள். என் சீசனைக் காப்பாற்றியது பிசியோ சொல்லித்தந்த இந்தப் பயிற்சிதான்.

ஓடத் தொடங்குமுன் நான் வைத்துக்கொண்ட அளவு: நாற்பது நிமிடம் வேகநடை போய் மறுநாள் காலை கால் பேசக்கூடாது. ஒற்றைக் காலில் இருபது முறை குதிகாலை உயர்த்தி இறக்க வேண்டும். அதே காலில் இருபது முறை தயங்காமல் குதிக்க வேண்டும். தயக்கம் இருந்தால் அதையும் வலியாகவே கணக்கில் எடுங்கள். பிறகு ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படிப் பத்து முறை, ஒருநாள் விட்டு ஒருநாள், சமதரையில். ஓடும்போது பத்துக்கு மூன்று வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாள் படுக்கையிலிருந்து வைக்கும் முதல் அடி முந்தைய நாளைவிட மோசமாக இருந்தால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். வாரக் கணக்கைப் பார்க்காதீர்கள், அந்த முதல் அடியைப் பாருங்கள்.

கேள்வி (ராஜாஜிநகர்): எந்த இடத்தில் ஆரம்பித்து எங்கே போவது?

பதில்: நான் போன வரிசையைச் சொல்கிறேன். முதல் மாதம் கப்பன் பூங்காவின் மண்பாதைகள். ஞாயிறு காலையில் வண்டி கிடையாது, தரையை மட்டும் கவனிக்கலாம். அடுத்து லால்பாக். அங்கே கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறை சுமார் 300 கோடி ஆண்டுப் பழையது. அதன் சரிவில் ஓடவில்லை, நடந்து மட்டும் ஏறி இறங்கினேன். பாறைமேல் பாதத்தை முழுதாகப் பதிக்க அங்கேதான் மறுபடி கற்றுக்கொண்டேன். துரஹள்ளிக்கு ஐந்தாம் மாதம்தான் போனேன். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். நம்மூர்ச் செம்மண் ஈரத்தில் ஷூ அடியில் அப்பிக்கொண்டு, பிடிப்பே இல்லாமல் செய்துவிடும். தனியாகவும் போகாதீர்கள்.

சாவனதுர்கா கடைசி. 1226 மீட்டர் உயரம், ஒரே கருங்கல்லாக எழுந்து நிற்கும் மலை. ஏறுவது எளிதாகவே இருந்தது. இறங்கும்போது பாதி வழியில் இடது கால் வரமாட்டேன் என்றது. உட்கார்ந்துவிட்டேன். ரப்பர் செருப்புப் போட்ட பத்து வயதுப் பையன் ஒருவன் என்னைத் தாண்டி இறங்கினான். குட்டிக் குட்டி அடிகள், முழங்கால் மடங்கியபடி, உடம்பு பின்னால் சாயாமல். பயத்தில் நாம் பின்னால் சாய்கிறோம். அப்போதுதான் குதிகால் வழுக்குகிறது. அவன் பின்னாலேயே இறங்கினேன். பிசியோ வாயால் சொன்னதை அங்கே கண்ணால் பார்த்தேன்.

கேள்வி (பி.டி.எம். லேஅவுட்): இறக்கத்தில் மட்டும் முழங்காலின் வெளிப்பக்கம் கத்தி வைத்த மாதிரி வலிக்கிறது. ஏறும்போது ஒன்றுமில்லை.

பதில்: ஐ.டி. பேண்ட், அதாவது இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக முழங்காலுக்குக் கீழே வரும் நார்ப்பட்டை, காரணமாக இருக்கலாம், பிசியோவிடம் காட்டி உறுதி செய்யுங்கள். இறக்கத்தில் தொடைத்தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது, இடுப்புப் பக்கத்துத் தசை தளர்ந்திருந்தால் முழங்கால் உள்ளே சாய்கிறது. வீட்டுப் படிக்கட்டில் ஒரு காலில் நின்று, மறுகாலின் குதியால் கீழ்ப்படியை மெல்லத் தொட்டுத் திரும்புங்கள். கண்ணாடி எதிரே செய்தால் முழங்கால் சாய்வது தெரியும். ஆறு வாரம் கொடுங்கள். ஏற்றம் ஓடலாம், இறக்கம் நடந்து வாருங்கள்.

கேள்வி (மாரத்தஹள்ளி): முழங்காலுக்குக் கீழே முன்எலும்பில் ஒரே ஒரு புள்ளியில் வலி. ராத்திரியும் வலிக்கிறது. ஓடி ஓடிச் சரியாகுமா?

பதில்: ஆகாது. இன்றோடு ஓட்டத்தை நிறுத்துங்கள். விரல் நுனி அளவு இடத்தில் வலி, இரவிலும் வலி என்றால் எலும்பில் விரிசல் விழுந்திருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், டாக்டர் எம்.ஆர்.ஐ. கேட்டால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி (எச்.எஸ்.ஆர். லேஅவுட்): ஐந்து வாரத்தில் 30 கிலோமீட்டர் பந்தயம். பணம் கட்டி, அறையும் போட்டாச்சு. கால் இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது.

பதில்: கட்டின பணம் போனதுதான், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தூரத்தை மட்டும் பார்ப்பதும் தப்பு. 100 மீட்டர் ஏற்றத்தை ஒரு கிலோமீட்டராகக் கூட்டுவது டிரெயில் வழக்கம். 1200 மீட்டர் ஏற்றமுள்ள 30 கிலோமீட்டர் உங்கள் காலுக்கு 42. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நடக்கும் காவேரி டிரெயில் மாரத்தான் மாதிரி வாய்க்கால் கரையில் சமதரையாக ஓடுவது வேறு, சிக்கமகளூர் காபித் தோட்டத்து ஏற்ற இறக்கம் வேறு. குறைந்த தூரத்துக்கு மாற்ற முடியுமா என்று இன்றைக்கே கேளுங்கள்.

ஜனவரியில் 21 கிலோமீட்டர் பந்தயத்தில் 14-வதில் நின்றேன். வலி இல்லை, ஆனால் கால் களைத்து, இரண்டு முறை கல்லில் பாதம் லேசாகச் சாய்ந்தது. மூன்றாவது முறைக்குக் காத்திருக்கவில்லை. தண்ணீர் மேசையில் நம்பர் சீட்டைக் கழற்றிக் கொடுத்தபோது அழுதேன். மார்ச்சில் இன்னொரு மலையில் அதே 21-ஐ முடித்தேன். ஜனவரியில் பிடிவாதம் பிடித்திருந்தால் மார்ச் எனக்குக் கிடைத்திருக்காது.

கேள்வி (அதே நண்பர்): வலி மாத்திரை போட்டு ஓடிவிட்டால்?

பதில்: வேண்டவே வேண்டாம். வியர்த்து உடம்பு காய்ந்திருக்கும்போது ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கால் கொடுக்கும் எச்சரிக்கையும் காதில் விழாது.

கேள்வி (ஜெயநகர்): என் கணவருக்காகக் கேட்கிறேன் மேடம். முழங்கால் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம். ஓட முடியவில்லை என்று வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார். ஞாயிற்றுக்கிழமை போர்வையை விட்டு வெளியே வருவதில்லை.

பதில்: அவருக்குப் போனது ஓட்டம் மட்டும் இல்லைம்மா. ஐந்து மணி அலாரம், கூட்டாளிகள், ஓடி முடித்துக் குடிக்கும் ஃபில்டர் காபி எல்லாமே ஒரே நாளில் நின்றுபோயிருக்கும். செப்டம்பரில் நானும் இப்படித்தான் இருந்தேன். பெயர் கொடுத்திருந்த பந்தயத்துக்கே ஒரு தோழி என்னைக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போய், ஆரஞ்சுச் சுளை கொடுக்கும் மேசையில் நிற்கவைத்தார். காலை ஆறிலிருந்து பதினொன்று வரை உரித்துக்கொண்டே இருந்தேன். கை முழுக்கப் பிசுபிசுப்பு. வந்தவர்களில் பாதிப் பேர் 'கால் எப்படி இருக்கு?' என்று நின்று கேட்டுவிட்டு ஓடினார்கள். அன்றிரவுதான் நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிறு ஆறரைக்குக் கப்பன் பூங்காவில், மத்திய நூலகத்துச் சிவப்புக் கட்டடத்துக்கு எதிரே நாங்கள் சேருவோம். எங்களில் நான்கு பேர் இப்போதைக்கு நடக்க மட்டும் செய்கிறவர்கள். பிசியோ எவ்வளவு நடக்கலாம் என்று சொல்லியிருக்கிறாரோ அவ்வளவுதான் நடை. அவரை அனுப்பி வையுங்கள், நீங்களும் வாருங்கள்.