பழைய பிராசசர், புதிய வேகம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என்னிடம் கோர் ஐ5 2500கே பிராசசரும் இசட்68 மதர்போர்டும் இருக்கின்றன. பிராசசரோடு வந்த ஃபேனை வைத்தே ஓவர்கிளாக் (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்யலாமா?

பதில்: வேண்டாம். பிராசசரின் வழக்கமான 95 வாட் சூட்டைச் சமாளிக்கவே ஃபேனுக்கு அடியில் உள்ள அந்தச் சின்ன ஹீட் சிங்க் (சூட்டை உறிஞ்சும் உலோகத் துண்டு) திணறும். இதில் சூட்டை ஏற்றுவது வேகத்தைவிட வோல்டேஜ்தான், அதுவும் வர்க்கக் கணக்கில். 1.2 வோல்ட்டில் 3.7 கிகாஹெர்ட்ஸ் ஓடுவதை 1.35 வோல்ட்டில் 4.4 ஆக்கினால் வேகம் 19 சதவீதம் கூடும். சூடோ 50 சதவீதம் கூடிவிடும். ஹீட் பைப்பும் (சூட்டைக் கடத்தும் குழாய்) 120 மி.மீ. ஃபேனும் உள்ள, உயரமாக நிற்கும் டவர் கூலர் இதற்குப் போதும்.

பழைய கூலரைக் கழற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள், பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பேஸ்ட் இறுகியிருந்தால் இளகும். பிறகு அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை லேசாகத் திருகியபடி தூக்குங்கள். பிராசசரின் மேல்பரப்பை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட் வையுங்கள். புதிய கூலரின் திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒரே மூலையை முதலில் இறுக்கினால் பேஸ்ட் ஒரு பக்கம் ஒதுங்கி, ஒரு கோர் மட்டும் கொதிக்கும். இன்னொன்று: பழைய ஃபேன் போர்டை நோக்கி ஊதியதால் பிராசசருக்கு மின்சாரம் தரும் பக்கத்து மாஸ்ஃபெட்டுகளும் குளிர்ந்தன. டவர் கூலரின் காற்று அங்கே போகாது, கேபினெட் ஃபேன் ஒன்று கட்டாயம்.

முக்கியமான ஃபைல்களை முதலில் வேறு டிஸ்க்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) பேஸ் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸிலேயே இருக்கட்டும்; இதை மல்டிப்ளையரால் பெருக்கினால் வருவதுதான் பிராசசரின் வேகம். டிஸ்க்கை இணைக்கும் சாட்டாவும், கார்டுகளை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸும் பேஸ் கிளாக்கைச் சார்ந்தே ஓடுவதால், அதை ஏற்றினால் டிஸ்க்கில் எழுதுவது கெடலாம். மல்டிப்ளையர் 40, வோல்டேஜ் 1.25 என்று தொடங்குங்கள். வோல்டேஜை ஆட்டோவில் மட்டும் விடாதீர்கள், தேவைக்கு மேல் தாராளமாக ஏற்றிவிடும். பிராசசரை முழு வேலையில் சோதிக்கும் ப்ரைம்95 மென்பொருளை அரை மணி ஓட்டிப் பாருங்கள். எந்தக் கோரும் 80 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால் மல்டிப்ளையரை ஒன்று கூட்டுங்கள். நீலத் திரை வந்தால் வோல்டேஜில் 0.01 சேருங்கள். 1.35-ஐத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் கிடைக்கும் 100, 200 மெகாஹெர்ட்ஸ் அந்தச் சூட்டுக்குத் தகுதியில்லை. முடிவான அளவில் ஓர் இரவு முழுக்க ஓட்டிப் பார்த்த பிறகே நம்புங்கள்.

கேள்வி: அதே பிராசசரை ஹெச்61 போர்டில் போட்டால்?

பதில்: ஓடும், ஆனால் மல்டிப்ளையரை ஏற்ற அந்த சிப்செட் விடாது. பி67, இசட்68, இசட்77 போன்றவை வேண்டும்.

கேள்வி: ப்ரைம்95 மணிக்கணக்கில் ஓடுகிறது. சும்மா இருக்கும்போதுதான் கம்ப்யூட்டர் உறைந்து நிற்கிறது. ஏன்?

பதில்: ஆஃப்செட் முறையில் (பிராசசர் கேட்கும் வோல்டேஜில் எப்போதும் ஒரே அளவைக் கழிப்பது) வோல்டேஜைக் குறைத்து வைத்திருப்பீர்கள். வேலை இல்லாதபோது பிராசசர் 1600 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கும், வோல்டேஜும் கூடவே இறங்கும். அங்கேயும் உங்கள் ஆஃப்செட் கழிவதால் மின்சாரம் போதாமல் போகிறது. கழிக்கும் அளவை 0.02 வோல்ட் குறைத்துப் பாருங்கள். விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் ஹார்டுவேர் பிழைகள் பதிவாகின்றனவா என்று ஒரு வாரம் கவனியுங்கள். உறையாவிட்டாலும் அவை வந்துகொண்டே இருந்தால் வோல்டேஜ் இன்னும் போதவில்லை, மல்டிப்ளையரை ஒன்று குறைத்துவிடுங்கள்.