அண்ணாச்சி, பிள்ளை ஃபேஷன் படிக்கட்டுமா என்று கேட்டீர்களே

அண்ணாச்சி, போன சனிக்கிழமை மகளின் மேல்படிப்புக்கு ஆலோசனை கேட்க அவளைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு என்னிடம் வந்தபோது நீங்கள் கேட்டதற்கு அங்கேயே முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள், உங்களுக்கும் சாயங்காலத்துக்குள் அம்பாசமுத்திரம் போய் மளிகைக் கடை திறக்கவேண்டிய அவசரம். "தைக்கப் படிக்கதுக்கு எதுக்கு சார் டிகிரி? பத்து லட்சம் போட்டு தையல்கடையா வைக்கப் போறா?" என்று கேட்டீர்கள். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது அவள் மடியில் இருந்த நோட்டை வாங்கிப் புரட்டினேன் இல்லையா, அதில் பத்துப் பதினைந்து படங்கள் இருந்தன. படம் சுமாராகத்தான் வரைகிறாள். ஆனால் ஒரு சேலைப் படத்தின் ஓரத்தில் பென்சிலால், "பார்டர் நாலு இஞ்ச் வேண்டாம், ரெண்டு போதும், அம்மாவுக்குக் கனமா இருக்கும்" என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியில் பாதி நியாயம். தைக்க மட்டும் கற்றுக்கொள்ள டிகிரி தேவையே இல்லை, நல்ல மாஸ்டர் ஒருவரின் கடையில் ஆறு மாதம் உட்கார்ந்தால் கை பழகிவிடும். ஆரி வேலை போட்டுக் கல்யாண பிளவுஸ் தைத்துக் கொடுத்தே குடும்பத்தை நிமிர்த்திய பெண்கள் நம் ஊரில் தெருவுக்கு ஒருத்தராவது இருக்கிறார்கள், அவர்கள் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. ஆனால் உங்கள் மகள் கேட்பது வேறு படிப்பு, ஃபேஷன் டிசைன் அண்ட் மார்க்கெட்டிங். அதன் பெயரில் இரண்டு சொல் இருக்கிறது, டிசைன் ஒன்று, மார்க்கெட்டிங் ஒன்று. வருகிற பிள்ளைகள் எல்லாம் முதல் சொல்லை மட்டும் பார்த்து ஆசைப்படுகிறார்கள், வருகிற பெற்றோர் எல்லாம் அதே முதல் சொல்லைப் பார்த்து பயப்படுகிறார்கள். சோறு போடுவது பெரும்பாலும் இரண்டாவது சொல்தான்.

அது என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை, அண்ணாச்சி. தீபாவளிக்கு எத்தனை டின் எண்ணெய், எத்தனை மூட்டை சீனி, எந்தக் கம்பெனி மாவு போகும் எது போகாது என்று ஆடி மாதமே மனதுக்குள் கணக்குப் போடுகிறீர்கள். போன வருஷம் தேங்கிய சரக்கு நினைவில் இருக்கிறது, இந்த வருஷம் அதைத் தொடமாட்டீர்கள். துணியிலும் இதே வேலைதான், என்ன, இன்னும் கொஞ்சம் கடினம். சீனி தேங்கினால் அடுத்த மாதம் விற்றுவிடலாம், ஒரு மாடல் சுடிதார் பொங்கல் தாண்டித் தேங்கினால் பாதி விலைக்கும் ஆள் வராது. இப்போது நெல்லை டவுனிலும் வண்ணார்பேட்டையிலும் ஆடித் தள்ளுபடி என்று கூட்டம் அலைமோதுகிறதே, அது பெரும்பாலும் தீபாவளிச் சரக்குக்கு இடம் ஒழிக்கிற வேலை. எந்த நிறத்தில் எத்தனை, எந்த அளவில் எத்தனை, யாரிடம் எந்த மாதம் ஆர்டர் கொடுப்பது, என்ன விலை எழுதுவது, ஷோ ரூமில் எதை முன்னால் மாட்டுவது என்று முடிவு செய்கிறவர் ஒருவர் அங்கே இருக்கிறார். அந்த வேலைக்குப் படிப்பு இருக்கிறது.

டிசைன் பக்கமும் நீங்கள் நினைப்பதுபோல் படம் வரைவதோடு முடிவதில்லை. உடல் அளவிலிருந்து பேட்டர்ன் போடுவது, காடா துணியைப் பொம்மை மேல் போட்டு மடித்துக் குத்திப் பார்ப்பது, எந்த நூல் எப்படிச் சுருங்கும், எந்தச் சாயம் எதில் நிற்கும் என்று தெரிந்துகொள்வது, அப்புறம் கணினியில் வரைவது எல்லாம் உண்டு. இதில் கணக்கு எங்கே வருகிறது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். பனியன் துணிக்கு ஜிஎஸ்எம் என்று ஒரு அளவு, அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை. ஒரு டி-ஷர்ட்டுக்குச் சேதாரத்தோடு 1.2 சதுர மீட்டர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 160 ஜிஎஸ்எம் துணியில் 192 கிராம் போகும். டிசைனர் கையில் தடவிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் கனமாக இருந்தால் நன்றாக விழுமே என்று 180-க்கு மாற்றினால் 216 கிராம். வித்தியாசம் வெறும் 24 கிராம், ஒரு பிஸ்கட் பாக்கெட் எடைகூட இல்லை. ஆர்டர் 10,000 உருப்படி என்றால் 240 கிலோ துணி அதிகம், அந்தப் பணம் யார் தலையில்? இது தெரியாமல் அழகாக மட்டும் வரைகிற பிள்ளைக்குக் கம்பெனியில் மரியாதை கிடைப்பதில்லை, நான் பார்த்திருக்கிறேன். தெரிந்த பிள்ளையைக் காஸ்டிங், அதாவது ஒரு உருப்படிக்கு என்ன செலவு ஆகும் என்று பேசும்போது பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார்கள்.

திருப்பூரில் இந்த இரண்டையும் சேர்த்துச் செய்கிறவருக்கு மெர்ச்சண்டைசர் என்று பெயர். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒரு டெக் பேக் அனுப்புவார், படம், அளவு, துணி, பட்டன், லேபிள் வரை எல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்து சாம்பிள் தைக்கவைத்து அனுப்பி, சாயத்துக்கு லேப் டிப், அதாவது கேட்ட நிறத்தில் சாயம் போட்ட சின்னத் துணி மாதிரியைக் காட்டி ஒப்புதல் வாங்கி, விலை பேசி, கட்டிங்கிலிருந்து பெட்டி கட்டுவது வரை எந்தத் தேதியில் எது முடியவேண்டும் என்று அட்டவணை போட்டு விரட்டுகிற ஆள். சரக்கில் பெரும்பங்கு நம் தூத்துக்குடித் துறைமுகத்துக்குத்தான் வந்து கப்பல் ஏறுகிறது, உங்கள் வீட்டிலிருந்து ரெண்டு மணி நேரத் தூரம். வேலை நிம்மதியானது என்று பொய் சொல்லமாட்டேன். ஐரோப்பாக்காரர் அலுவலகம் திறக்கும்போது நமக்கு மதியம் ஆகிவிடும், அமெரிக்க பையர் என்றால் ராத்திரிதான் மெயில் வரும், ஷிப்மெண்ட் வாரத்தில் வீட்டுக்குப் போகிற நேரம் சொல்லமுடியாது. முதல் இரண்டு வருஷம் சம்பளமும் குறைவுதான், கம்ப்யூட்டர் படித்த உங்கள் அக்கா மகனோடு ஒப்பிட்டு அவளைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

எங்கே படிப்பது என்று கேட்டீர்கள். நாட்டில் இதற்கென்று உள்ள பெரிய இடம் நிஃப்ட் என்கிற தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம், மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் 1986-ல் டெல்லியில் தொடங்கியது, சென்னை வளாகம் தரமணியில் இருக்கிறது. நாலு வருஷ பி.டெஸ்., அதாவது டிசைன் பட்டப்படிப்பு. பிளஸ் டூவில் எந்த குரூப் என்றாலும் எழுதலாம், உங்கள் பிள்ளை காமர்ஸ் என்பது தடையே இல்லை. அங்கேயே பி.எஃப்.டெக். என்று உற்பத்தி சார்ந்த ஒன்று உண்டு, அதற்குக் கணிதம் வேண்டும், அதை விடுங்கள். நுழைவுத் தேர்வில் பொது அறிவு, ஆங்கிலம், கணக்கு என்று ஒரு தாள், படைப்புத் திறனுக்கு ஒரு தாள், அதில் தேறினால் கையில் கொடுக்கிற பொருள்களை வைத்து அங்கேயே ஒரு மாதிரி செய்துகாட்டும் சோதனை. படைப்புத் திறன் தாளுக்குத்தான் பாதி மதிப்பெண். வழக்கமாக டிசம்பரில் விண்ணப்பம் திறந்து பிப்ரவரியில் தேர்வு வரும், அதாவது பொதுத் தேர்வுக்கு முந்தின மாதம், இதைக் கணக்கில் வையுங்கள். நாலு வருஷக் கட்டணம் பத்து லட்சத்தைத் தாண்டும், நீங்கள் கேள்விப்பட்டது சரிதான்.

நிஃப்ட் கிடைக்கவில்லை என்றால் வாழ்க்கை போய்விட்டது என்று பிள்ளைகள் அழுகிறார்கள். அப்படி இல்லை. கோவை, திருப்பூர் பக்கம் பாரதியார் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் மூன்று வருஷம், செலவு அதில் சின்னப் பங்குதான் ஆகும். கோவையில் பெண்களுக்கென்றே அவினாசிலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஹாஸ்டல் பற்றி அம்மாவுக்குக் கவலை என்றால் அதையும் ஒருமுறை நேரில் பார்த்து வரலாம். திருப்பூரில் நிஃப்ட்-டீ என்று ஒரு கல்லூரி உண்டு, பனியன் கம்பெனிகளுக்கு நடுவிலேயே இருக்கிறது. பெயரைப் பார்த்து மத்திய அரசின் நிஃப்ட் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் முன்னின்று நடத்துகிற வேறு கல்லூரி. என் சொந்த அபிப்பிராயம், காமர்ஸ் படித்து, கணக்கு வருகிற, வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைக்குத் திருப்பூர் மூன்று வருஷமும் அங்கேயே இரண்டு வருஷ வேலையும் மோசமான தொடக்கம் இல்லை. பிற்பாடு நிஃப்டில் ஃபேஷன் மேனேஜ்மெண்ட் முதுகலை இரண்டு வருஷம் இருக்கிறது, மார்க்கெட்டிங்குக்கு நேரான படிப்பு அதுதான், எந்த டிகிரி முடித்தும் எழுதலாம். ராத்திரி நாகர்கோவில் - கோவை ரயிலில் ஏறினால் விடிவதற்குள் திருப்பூர், அவ்வளவு தூரமும் இல்லை.

லண்டனில் படிப்பது பற்றி பிள்ளை மெதுவாகக் கேட்டாள். நல்ல படிப்புதான், ஆனால் அங்கே கல்விக் கட்டணம் மட்டுமே வருஷத்துக்கு இருபதாயிரம் பவுண்டுக்கு மேல் போகிற இடங்கள் அவை. இப்போதைக்கு வேண்டாம். வேலை பார்த்துவிட்டு, தான் செய்ததையெல்லாம் தொகுத்த போர்ட்ஃபோலியோவோடு, உதவித்தொகை கிடைத்தால் முதுகலைக்குப் போகட்டும். கல்விக் கடன் ஏழரை லட்சம் வரை பொதுவாகச் சொத்து ஈடு இல்லாமல் கிடைக்கும், அதற்கு மேல் போனால் பெரும்பாலும் வீட்டுப் பத்திரம் கேட்பார்கள். வீட்டுப் பத்திரத்தை வைக்கவேண்டிய படிப்பைப் பதினேழு வயதில் தொடங்கவேண்டாம் என்பது என் எண்ணம்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். கண்ணாடிக் கட்டடத்தில் ஏசி போட்டு, நூறு சதவீதம் வேலை என்று நோட்டீஸ் அடிக்கிற இடங்களுக்குப் போனால், "முடித்தால் டிகிரி தருவது எந்தப் பல்கலைக்கழகம்?" என்று முதலில் கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் அப்படி ஓரிடத்தில் மூன்று வருஷம் பணம் கட்டிப் படித்தாள். கையில் கிடைத்தது ஒரு சான்றிதழ், டிகிரி இல்லை. முதுகலைக்கும் போக முடியவில்லை, அரசுத் தேர்வும் எழுத முடியவில்லை. அந்த அப்பா என் முன்னால் உட்கார்ந்து, கேட்கத் தெரியாமப் போச்சே என்று திரும்பத் திரும்பச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. சேருவதற்கு முன் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறதா, அந்தக் கல்லூரி அதில் இணைந்ததா என்று பாருங்கள், பத்து நிமிஷ வேலை.

நம் பக்கத்தில் இதற்கு என்ன இருக்கிறது என்று மாமா ஒருவர் கேட்டதாகச் சொன்னீர்கள். அவரிடம் சொல்லுங்கள், ஆர்எம்கேவி 1924-ல் தொடங்கியது இதே நெல்லையில்தான், புதுப் புது டிசைன் பட்டுக்காகவே பெயர் வாங்கிய கடை. உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறிக் கல்லிடைக்குறிச்சி தாண்டினால் வீரவநல்லூர். அங்கே நெய்கிற செடிபுட்டா சேலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூவும் செடியும் துணி நெய்து முடித்தபின் தைப்பதல்ல, தறியில் பாவு இருக்கும்போதே வண்ண நூலைக் கையால் கோத்துக் கோத்து ஒவ்வொரு பூவாக வைக்கிறார்கள். அதனால் நெசவு மெதுவாகத்தான் நகரும். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள் பார்த்தால் அந்தச் சேலையின் விலை ஏன் அப்படி என்று புரியும், அதே விலையை ஏன் வாங்குகிறவர் கொடுக்கத் தயங்குகிறார் என்றும் யோசிக்கத் தோன்றும். பட்டமடை கோரைப்பாய்க்கும் இதே கதைதான். செய்கிற கை இருக்கிறது, அதைச் சரியான ஆளிடம் சரியான விலைக்குக் கொண்டுபோகிற படித்த பிள்ளை இல்லை. உங்கள் மகள் திரும்பி வந்தால் இங்கே வேலை இருக்கிறது. ஆனால் படித்து முடித்த மறுநாளே பொட்டிக், அதாவது சொந்தமாக ஒரு டிசைனர் துணிக்கடை திறக்கிறேன் என்றால் நீங்கள் முதல் போடாதீர்கள், இரண்டு வருஷமாவது யாரிடமாவது சம்பளத்துக்கு இருந்துவிட்டு வரட்டும்.

இனி அவள் செய்யவேண்டியது. ஆலோசனை சொல்ல வந்த ஆரம்பத்தில் நான் ஒரு தப்பு செய்துகொண்டிருந்தேன், நோட்டில் படம் அழகாக இருந்தால் உடனே டிசைன் படி என்று சொல்லிவிடுவேன். அப்படிப் போன ஒரு பையன் இரண்டாம் வருஷம் படிப்பை விட்டுவிட்டான், மெஷினில் உட்கார அவனுக்குப் பொறுமையே இல்லை என்பதை நான் விசாரிக்கவே இல்லை. அதிலிருந்து படத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்வதில்லை.

தீபாவளிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மட்டும், இரண்டு மணி நேரம் மட்டும், மற்ற நாள் பள்ளிப் பாடம் படிக்கட்டும். மூன்று வயதுப் பிள்ளைக்கான பருத்திப் பாவாடை சட்டை ஐந்து செட் அவளே வெட்டித் தைக்கவேண்டும். பக்கத்துத் தையல்கார அக்கா சொல்லித் தரலாம், ஆனால் மெஷினில் இவள்தான் உட்காரவேண்டும். துணி, லைனிங், நூல், பட்டன், பஸ் செலவு, தைத்த நேரத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று ஒரு கூலி, எல்லாம் ஒரு நோட்டில் ஏறவேண்டும். அப்புறம் விற்கவேண்டும், சொந்தக்காரர்களுக்கு விற்றால் கணக்கில் வராது, பாசத்துக்கு வாங்குவார்கள். உங்கள் கடைக்கு வருகிறவர்களிடம் காட்டட்டும், யார் எதைத் தொட்டுப் பார்த்தார்கள், விலை கேட்டுவிட்டு யார் திரும்ப வைத்தார்கள், என்ன சொல்லி வைத்தார்கள் என்று எழுதட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள், விலை மட்டும் நீங்கள் சொல்லாதீர்கள். ஐந்தும் விற்கவேண்டும் என்று இல்லை. இரண்டு தேங்கினாலும், ஏன் தேங்கியது என்று அவளுக்குச் சொல்லத் தெரிகிறதா, திரும்ப இன்னொரு ஐந்து தைக்க ஆசை இருக்கிறதா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும்.

தீபாவளி முடிந்த அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று பேருமாக வாருங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. விற்காமல் மிஞ்சியதையும் அந்தக் கணக்கு நோட்டையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். டிசம்பரில் விண்ணப்பம் போடுவதா வேண்டாமா என்று அதை வைத்துப் பேசுவோம்.