டவரும் இணையமும் இல்லாமல் இரண்டு போன்கள் நேரடியாகப் பேசிக்கொள்ள முடியுமா?

பக்கத்தில் இருந்தால் முடியும். போனில் இருக்கும் வைஃபையும் புளூடூத்தும் ரேடியோதான், நடுவில் ரவுட்டர் இல்லாமலே இன்னொரு போனோடு இணைய அவற்றுக்கு வழி உண்டு. ஸ்கைப்கூட 2003-ல் பியர்-டு-பியர் முறையில், அதாவது பயனர்களின் கணினிகளே ஒன்றோடொன்று நேரடியாக இணையும் முறையில்தான் தொடங்கியது, ஆனால் அது இணையத்தின் மேல் ஓடியது. நீங்கள் கேட்பது அதுவும் இல்லாத நிலை.

சிக்கல் தூரம்தான். அதைத் தாண்டத்தான் மெஷ் நெட்வொர்க்: இடையில் இருக்கும் போன்கள் உங்கள் செய்தியை வாங்கி அடுத்ததற்குக் கைமாற்றும். 2014 ஹாங்காங் போராட்டத்தின்போது ஃபயர்சாட் செயலி பரவியது இதற்காகத்தான். எழுத்துச் செய்திக்கு இது போதும், கொஞ்சம் தாமதமாக வந்தாலும் படித்துக்கொள்ளலாம். குரல் அப்படியில்லை. ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிநொடியைத் தாண்டாமல் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும், அதற்கு மேல் போகப்போக இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். மெஷ்ஷில் எல்லாப் போன்களும் ஒரே சேனலில் (ரேடியோ அலைவரிசையில்) இருப்பதால், நடுப் போன் வாங்கி முடித்த பிறகுதான் அனுப்ப முடியும். ஒரு போனைத் தாண்டும்போதே வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அப்புறம் பேட்டரி வேறு சீக்கிரம் இறங்கும்.

ஆனாலும் இது வீண் முயற்சி இல்லை. 2010 ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் தொடங்கிய சர்வல் புராஜெக்ட், ஆண்ட்ராய்டு போன்களுக்கு இடையே வைஃபை மெஷ் வழியாகக் குரல் அழைப்பையே செய்து காட்டியது. பேரிடருக்காக இப்படி ஒரு செயலி வேண்டுமென்றால் இப்போதே எல்லார் போனிலும் போட்டுவையுங்கள், டவர் விழுந்த பிறகு அதைப் பதிவிறக்க வழியிருக்காது.