பூட்டிய வீட்டில் துருவேறும் அரிவாள்மணை

கேள்வி: தேவகோட்டையில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டை விசேஷங்களுக்கு மட்டுமே திறக்கிறோம். அப்பத்தா காலத்து இரும்பு அரிவாள்மணையைக் கழுவி, நல்லெண்ணெய் தடவி வைத்துவிட்டு வந்தாலும், அடுத்த முறை எண்ணெய் பிசுக்கேறி, அதற்கடியில் துருவும் படிந்திருக்கிறது. எவர்சில்வரில் புதிதாக வாங்கிவிடலாமா?
- வாசகி, சென்னை

பதில்: வாங்க வேண்டாம், பழைய இரும்பின் கூர்மையை இழக்க நேரிடும். துரு வந்ததற்குக் காரணம், தாங்கள் எண்ணெயைக் குறைவாகத் தடவியது அல்ல. கழுவிய ஈரமும் முந்தைய துருவின் மிச்சமும் அலகில் இருக்கும்போதே எண்ணெய் தடவியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. துரு நுண்துளைகள் நிறைந்தது. அது ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்துக்கொள்வதால், மேலே எண்ணெய் இருந்தாலும் அடியில் அரிப்பு தொடரும். நல்லெண்ணெயோ, மாதக்கணக்கில் காற்றுப் பட்டால் தடித்துப் பிசினாகும் இயல்புடையது. அன்றாடம் புழங்கும் அலகுக்கு அது போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் போதாது.

முதலில், கரைத்த புளியை அலகில் பூசிச் சிறிது நேரம் ஊறவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்துத் துருவை முழுவதும் நீக்குங்கள். புளியின் அமிலம் தங்கினால் அதுவே மீண்டும் துருவை வரவழைக்கும் என்பதால், சோப்பு நீரில் நன்கு கழுவி, உடனே துடைத்து, முற்றத்து வெயிலில் அலகு சுடும்வரை வையுங்கள். வாழைப்பூவும் மாங்காயும் நறுக்கியதால் படிந்த கருநிறம் துரு அல்ல. அதைச் சுரண்டி வெள்ளையாக்க முயல வேண்டாம். விரலில் ஒட்டும் செம்பொடிதான் பகை.

சூடு ஆறியதும், மருந்துக்கடையில் கிடைக்கும் வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிய படலமாகத் தடவுங்கள். அது எளிதில் பிசுக்கேறாது. தையல் இயந்திர எண்ணெய் உணவு படும் அலகுக்கு உகந்ததல்ல. பலரும் கவனிக்கத் தவறும் இடம், அலகு மணைக்கட்டைக்குள் இறங்கும் பொருத்து. கட்டையை நீரில் ஊறவைத்தால் அங்கே தங்கும் ஈரம் வெளியே தெரியாமல் இரும்பைத் தின்னும் என்பதால், கட்டையை ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டு, பொருத்திலும் சிறிது ஜெல்லியை அழுத்தித் தடவுங்கள்.

தரையில் வைக்காமல், உப்பு, புளி ஜாடிகள் இருக்கும் அலமாரியையும் தவிர்த்து, காற்றோட்டமுள்ள உயரமான இடத்தில் வையுங்கள். உப்பின் அருகாமை துருவை விரைவுபடுத்தும். வீட்டைத் திறந்ததும் வெந்நீரும் சோப்பும் கொண்டு ஜெல்லியைக் கழுவிய பிறகே காய் நறுக்க வேண்டும். சாணை பிடித்தால், புதிதாக வெளிப்பட்ட இரும்பு விரைவில் துருப்பிடிக்கும் என்பதால் அன்றே எண்ணெய் தடவிவிடுங்கள்.