விதை முளைக்கவில்லை: தண்ணீரா, பாக்கெட்டா?

கேள்வி: ஏற்காட்டில் குடியிருக்கிறோம். சேலத்தில் தக்காளி, மிளகாய் விதை வாங்கி வந்து, தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். பத்து நாளில் தக்காளி நாலைந்து வந்தது, மிளகாய் ஒன்றுகூட வரவில்லை. "தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க" என்கிறார் கடைக்காரர். மூடி போட்ட முளைப்புப் பெட்டியும் வேர்விடும் பவுடரும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். மிளகாய்க்கு 25 முதல் 30 டிகிரி வெப்பம் வேண்டும். மலைக் குளிரில் பத்து நாள் போதாது.

கடைக்காரர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் தோண்டிப் பார்த்து விதை அழுகியிருக்கிறது என்பதை மட்டும் வைத்துத் தண்ணீர்மேல் பழிபோட முடியாது. உயிரில்லாத விதையும் ஈரத்தில் அழுகத்தான் செய்யும். அதனால் பாக்கெட்டில் மிச்சமிருக்கும் விதையைச் சோதித்துவிடுங்கள். பழைய பருத்தித் துணியை நனைத்து, இனி சொட்டாது என்கிற அளவுக்குப் பிழிந்து, 20 விதைகளை ஒட்டாமல் பரப்பிச் சுருட்டி, பாலிதீன் கவரில் போட்டு வீட்டிலேயே கதகதப்பான இடத்தில் வையுங்கள். இரண்டு வாரம் பொறுங்கள். அரசு நிர்ணயித்த விதைத் தரத்தின்படி குறைந்தபட்ச முளைப்புத்திறன் மிளகாய்க்கு 60 சதவீதம், தக்காளிக்கு 70. அதாவது மிளகாயில் 12 வர வேண்டும். ஒன்றிரண்டு குறைந்தால் பரவாயில்லை. நாலைந்துதான் வந்தது என்றால் கோளாறு பாக்கெட்டில்தான்.

நன்றாக முளைத்தால் தண்ணீரைக் கவனிக்க வேண்டும். நார்க்கழிவுக்கு இரண்டு வேளைத் தெளிப்பு ரொம்பவே அதிகம். மேலே காய்ந்து வெளுத்திருக்கும், விரலை விட்டால் உள்ளே சொதசொதவென்று இருக்கும். விதையும் மூச்சு விடும். இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்துவிட்டால் காற்றுக்கு இடமேது? ஒரு கைப்பிடி நார்க்கழிவை இறுக்கிப் பிழியுங்கள்: விரலிடுக்கில் ஈரம் மினுங்க வேண்டும், சொட்டக் கூடாது. அந்தப் பதத்தில் நிரப்பி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதையிட்டு, பாலிதீன் தாளால் மூடிவிடுங்கள். நாற்றுப்பண்ணைகளில் தட்டுகளை அடுக்கி இப்படித்தான் மூடி வைப்பார்கள். முளைக்கும்வரை பெரும்பாலும் தண்ணீரே தேவைப்படாது. முளை தெரிந்த அன்றே தாளை எடுத்து வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். மூடியே வைத்திருந்தால் தண்டு வெளுத்து நீண்டு, அடியில் அழுகிச் சாய்ந்துவிடும்.

பெட்டி செய்யும் வேலையை இந்தத் தாளே செய்யும். வேர்விடும் பவுடர் பதியன் குச்சிகளுக்கானது, விதைக்குத் தேவையில்லை.

அடுத்த முறை வாங்கும்போது விலையைப் பார்க்கும் முன் லேபிளைப் படியுங்கள். முளைப்புத்திறன், சோதனை செய்த தேதி, எதுவரை செல்லும், குவியல் எண் (லாட் நம்பர்) எல்லாம் இருக்க வேண்டும். சோதனைத் தேதியிலிருந்து 9 மாதம்தான் பொதுவான கெடு. வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் தொங்கும் பாக்கெட்டை நான் தொடவே மாட்டேன். வெங்காய விதையில் இன்னும் உஷார் வேண்டும், சீக்கிரம் உயிர்போகும்.

விதைதான் மோசம் என்று தெரிந்தால் பில், காலி பாக்கெட், முளைக்காத துணியின் படம் மூன்றையும் எடுத்துப்போய் மாற்றிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். விதைச்சான்றுத் துறையின் விதை ஆய்வாளரிடமும் குவியல் எண்ணோடு எழுதிக் கொடுங்கள். அதே குவியலை வாங்கிய விவசாயி ஒரு போகத்தையே இழக்கக்கூடும்.