கணப்புச் சாம்பலை பிளாஸ்டிக் வாளியில் கொட்டாதீர்கள்

ராத்திரி, வீட்டுக்குள் குளிர்காய விறகு எரிக்கும் கணப்பிலிருந்து அள்ளி வைத்த சாம்பல் காலையில் பார்த்தால் பிளாஸ்டிக் வாளியின் அடியையே உருக்கியிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், படித்ததும் பதறிப் போனேன். மேலே தொட்டால் ஆறியது போலத்தான் இருக்கும். உள்ளே புதைந்த கங்கு 3, 4 நாள்கூட அணையாமல் கிடக்கும். இறுக்கமான மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வெளியே வீட்டிலிருந்து 3 மீட்டராவது தள்ளி, தண்ணீர் தெளித்து மூடி வையுங்கள், மரத் தரைமேல் வேண்டாம்.

அப்புறம், தவழும் குழந்தை இருக்கிறது என்கிறீர்களே, எனக்கு அதுதான் பெரிய கவலை. கணப்பின் கண்ணாடிக் கதவு, தீ அணைந்து ஒரு மணி நேரம் ஆனாலும் பிஞ்சுக் கையைச் சுட்டுவிடும், அதனால் சுவரோடு பொருத்துகிற தடுப்பு வேலியை 1 மீட்டர் தள்ளி இன்றைக்கே போடுங்கள். படுக்கையறைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா? தீயிலிருந்து வரும் அந்த நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது, அலாரம்தான் காட்டிக்கொடுக்கும்.