வாசகர் கேள்வி–பதில்: அறக்கல் பீவியும் கயிற்றுக் கணக்கும்

சென்ற இதழில் லட்சத்தீவைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வடசென்னையிலிருந்து மட்டுமே ஐந்து கடிதங்கள் வந்துவிட்டன. ஐந்தும் லட்சத்தீவை ஆண்ட ஜுனும்மா பீவி என்ற ஒரே அம்மையாரைச் சுற்றியே இருப்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கிவிட்டேன்.

மண்ணடி வாசகர்: "லட்சத்தீவை ஒரு முஸ்லிம் அரசி ஆண்டார் என்று என் வாப்பா சொல்வார். நண்பர்கள் நம்ப மறுக்கிறார்கள். உண்மையா?"

தங்கள் வாப்பா சொன்னது உண்மைதான். சொல்லப்போனால் அவர் குறைத்தே சொல்லியிருக்கிறார். ஆண்டவர் ஒருவர் அல்லர். கண்ணூரைத் தலைமையிடமாகக் கொண்ட அறக்கல் வம்சம் கேரளத்தின் ஒரே முஸ்லிம் அரச வம்சம். மருமக்கத்தாயம் என்ற தாய்வழி வாரிசு முறைப்படி, குடும்பத்தில் வயதில் மூத்தவர் யாரோ அவரே பட்டத்துக்கு உரியவர்; அவர் ஆணாக இருந்தால் அலிராஜா, பெண்ணாக இருந்தால் அறக்கல் பீவி. மகன் இருக்கும்போது மகளுக்குப் பட்டமா என்ற வழக்கே அங்கு எழுவதற்கு இடமில்லை. 1777-இல் பட்டத்துக்கு வந்த இரண்டாம் ஜுனும்மா பீவி 1819 வரை, அதாவது நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆண்டார். அவருக்குப் பின் மரியம் பீவி, அவருக்குப் பின் 1852 வரை ஆயிஷா பீவி. எழுபத்தைந்து ஆண்டுகள் இடைவெளியின்றிப் பெண்களே அந்தப் பட்டத்தில் இருந்திருக்கிறார்கள். நண்பர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

ராயபுரம் வாசகர்: "ஜுனும்மா பீவி திப்பு சுல்தானின் பக்கம் இருந்தவர் என்றால், வெள்ளையர்கள் அவரை ஏன் விட்டுவைத்தார்கள்?"

பக்கம் என்ற சொல்லை இங்கே கொஞ்சம் நிதானமாகக் கையாள வேண்டும். பீவியைச் சூழ்ந்திருந்தவர்கள் மூவர்: அண்டை வீட்டுப் பகையாளியான சிறக்கல் கோலத்திரி அரசர், மலபாரைத் தன் கைக்குள் வைத்திருந்த மைசூர், தலைச்சேரியில் கடை விரித்திருந்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி. 1783 டிசம்பரில் பிரிட்டிஷ் ஜெனரல் மக்லியாட் கண்ணூரைப் பிடித்தார். பீவி உடன்படிக்கையில் ஒப்பமிட்டார். அதன் மை உலர்வதற்குள், 1784-இல் மங்களூரில் கம்பெனியும் திப்புவும் சமாதானம் செய்துகொள்ள, ஊர் பீவிக்குத் திரும்பக் கிடைத்தது. 1789-இல் திப்பு கண்ணூருக்கு வந்தபோது பீவியின் மகளுக்கும் தம் மகனுக்கும் திருமணம் பேசி முடித்தார். மறு ஆண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் தளபதி அபர்கிராம்பியின் படை வந்தது. போர்த்துக்கீசியர் கட்டி, டச்சுக்காரர் பிடித்து, பிறகு அறக்கல் குடும்பத்துக்கே விற்றுவிட்டுப் போன செயின்ட் ஆஞ்சலோ கோட்டை கம்பெனியிடம் போயிற்று. இம்முறை அது திரும்பவில்லை.

ஆனால் தீவுகள் நூறு மைலுக்கும் அப்பால் கடலில் இருந்தன. அங்கே படையை நிறுத்திக் காவல் காப்பதைவிட, ஆள்பவரையே அமர்த்திவைத்து ஆண்டுதோறும் பணம் வாங்குவதே கம்பெனிக்குச் சிக்கனம். 1796-இல் ஏற்பட்ட ஒப்பந்தப்படி, கண்ணூரிலுள்ள வீடு, தோட்டங்களுக்கும் தீவு வணிகத்துக்கும் தீவு நிலங்களுக்குமாகச் சேர்த்து ஆண்டுக்கு 15,000 ரூபாய் செலுத்த பீவி ஒப்புக்கொண்டார். அரசி என்ற பெயர் அவரிடம் இருந்தது. கிஸ்தி கட்டும் நாளைக் குறிப்பவர் வேறு ஒருவராகிவிட்டார். 1800-இல் மலபார், பம்பாயிலிருந்து சென்னை மாகாணத்துக்கு மாற்றப்பட்டது. அதன்பின் அறக்கல் விவகாரங்களில் முடிவு சொன்ன இடம், தங்கள் ராயபுரத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய செயின்ட் ஜார்ஜ் கோட்டை. 1956 நவம்பர் 1 வரை தீவுகள் சென்னையோடுதான் இருந்தன என்பது இன்று பலருக்கும் மறந்துபோன செய்தி.

காசிமேடு வாசகர்: "நான் கயிறு வியாபாரம் செய்பவன். தீவுக் கயிற்றை அரச குடும்பமே மொத்தமாக எடுத்துக்கொண்டதாமே? அப்படியானால் பீவி குடிகளுக்கு நல்லவரா, கெட்டவரா?"

ஐந்து கடிதங்களில் என்னை உட்காரவிடாமல் செய்தது தங்களுடையதுதான். மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகே ஒரு கயிற்றுக் கடைக்குப் போனேன். நைலான் சுருள்கள் நீலமும் பச்சையுமாக அடுக்கியிருக்க, மூலையில் தேங்காய் நார்க்கயிறு ஒரே ஒரு கட்டு கிடந்தது. கடைக்காரர் அதன் நுனியைக் கட்டைவிரலால் முறுக்கவிழ்த்து, நாரைப் பிரித்துக் காட்டி, "உப்புத் தண்ணியைத் தாங்கற சாமான் சார் இது, இப்ப யாரு கேக்கறா" என்றார். ஒரு காலத்தில் உலகமே கேட்டது. பாய்மரக் கப்பல்களுக்கு உப்பில் மட்காத, நீரில் மிதக்கிற கயிறு வேண்டியிருந்தது. தீவுப் பெண்கள் மட்டைகளைக் காயலோரக் குழிகளில் மாதக்கணக்கில் ஊறவைத்து, கட்டையால் அடித்து, உள்ளங்கையிலேயே திரித்தார்கள்.

அப்படித் திரித்த கயிற்றை ஓடங்களில் ஏற்றிக் கண்ணூருக்குக் கொண்டுவந்து, அறக்கல் பண்டகசாலையில் மட்டுமே போட வேண்டும். விலையை அரண்மனை குறிக்கும். கூலி அரிசியாக அளக்கப்படும். நெல் விளையாத பவளத் தீவுகளில் வாழ்பவர்கள் அரிசிக்கு வேறு எங்கே போவார்கள்? கயிற்றின் சந்தை விலைக்கும் அளந்த அரிசியின் விலைக்கும் இடையிலிருந்த வித்தியாசமே அரண்மனையின் வருமானம். இந்த ஏற்பாட்டை ஜுனும்மா பீவி தொடங்கவில்லை. அவருக்கு முன்பே இருந்தது. ஆனால் அவர் தளர்த்தியதாகவும் தெரியவில்லை. பொறுக்க மாட்டாமல் அமினித் தீவினர் அவருடைய காலத்திலேயே கிளர்ந்தெழுந்து, மங்களூருக்குப் போய்த் திப்புவிடம் அடைக்கலம் கேட்டார்கள். 1787-இல் அமினி, கடமத், கில்தான், செத்லத், பித்ரா ஆகியவை மைசூரின் கைக்குப் போயின; ஈடாகச் சிறக்கல் நாட்டில் கொஞ்சம் நிலம் பீவிக்குக் கிடைத்தது. பிறர் நிலத்தை எடுத்து ஈடு கொடுப்பது திப்புவுக்குச் சிரமமான காரியம் இல்லை! 1799-இல் திப்பு வீழ்ந்ததும் அத்தீவுகள் நேராகக் கம்பெனியிடம் சேர்ந்துவிட்டன.

எனவே, வெள்ளையரை எதிர்த்த வீராங்கனை என்று அவரை மேடையில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. வாளேந்தியதைவிட அவர் அதிகம் செய்தது பேரமும் முறையீடும்தான். மேலே கம்பெனிக்குத் தொகை கட்ட வேண்டியிருந்தது. தீவுகளோ பாதியாகக் குறைந்துவிட்டன. அந்த இறுக்கத்தின் கடைசி நுனி, மிஞ்சிய தீவுகளான கல்பேனியிலோ அந்த்ரோத்திலோ உட்கார்ந்து கயிறு திரித்த பெண்ணின் அரிசிப் படியில்தான் வந்து முடிந்தது. இப்படிப்பட்டவரை நல்லவர், கெட்டவர் என்று ஒரு சொல்லில் அடைக்க எனக்குத் தெரியவில்லை. வியாபாரியான தாங்களே எடைபோடலாம்.

தண்டையார்பேட்டை கல்லூரி மாணவி: "மீதமிருந்த தீவுகள் எப்போது, எந்தப் போரில் பறிபோயின?"

போரே நடக்கவில்லை, அம்மா. 1847 ஏப்ரலில் ஒரு பெரும்புயல் கல்பேனியையும் அந்த்ரோத்தையும் புரட்டிப்போட்டது. மக்கள் மாண்டார்கள், தென்னைகள் சாய்ந்தன. தென்னை சாய்ந்தால் மட்டை இல்லை, மட்டை இல்லாவிட்டால் கயிறு இல்லை, கயிறு இல்லாவிட்டால் கிஸ்தி கட்டப் பணம் இல்லை. நட்ட கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். சென்னைக் கோட்டையின் கணக்குப் புத்தகம் அதுவரை காத்திருக்குமா? அப்போது பட்டத்தில் இருந்தவர் ஆயிஷா பீவி. அவர் காலத்துக்குப் பின்னும் பாக்கி ஏறிக்கொண்டே போனது. 1854-இல் தீவுகளைப் பிரிட்டிஷ் அரசு ஜப்தி செய்தது, 1861-இல் திருப்பிக் கொடுத்தது, 1875-இல் மறுபடியும் எடுத்துக்கொண்டது. இம்முறை பாக்கியோடு நிர்வாகச் சீர்கேடும் காரணமாகக் காட்டப்பட்டது. இறுதியாக 1908-இல் இம்பிச்சி பீவி பட்டத்தில் இருந்தபோது, அகத்தி, கவரத்தி, அந்த்ரோத், கல்பேனி, மினிக்காய் ஆகியவற்றின் மீதான உரிமையை அறக்கல் குடும்பம் விட்டுக்கொடுத்தது. பழைய பாக்கி தள்ளுபடியாயிற்று. குடும்பத் தலைமைக்குச் சுல்தான் என்ற பட்டமும் ஆண்டுக்கு 23,000 ரூபாய் மாலிகானாவும், அதாவது உரிமையை விட்டதற்கான உதவித்தொகையும் கிடைத்தன. 1796-இல் பீவி கட்டிய தொகையையும் இதையும் அருகருகே எழுதிப் பாருங்கள். பணம் போன திசையே மாறியிருப்பது தெரியும்.

பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்: "பார்ப்பதற்கு ஏதேனும் மிச்சம் உள்ளதா?"

உள்ளது. கண்ணூரில் ஆயிக்கரை மீன்பிடித் துறைமுகத்தின் பக்கத்திலேயே ‘அறக்கல் கெட்டு’ என்ற அவர்களுடைய அரண்மனை நிற்கிறது. அதன் தர்பார் மண்டபம் இப்போது அருங்காட்சியகம். செயின்ட் ஆஞ்சலோ கோட்டையும் எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. சென்ட்ரலில் இரவு மங்களூர் மெயிலில் ஏறினால் மறுநாள் காலை கண்ணூர். இறங்கியதும் மீன் வாடை காசிமேட்டைப் போலவே இருக்கும். வழி கேட்கத் தேவைப்படாது.